மடக்கு போன் கண்ணாடி: 30 மைக்ரானில் எது தாங்குது, எது உடையுது?

#1 · மடிப்புமானி

மடக்கு போன் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி. "அது கண்ணாடியே இல்லை, வெறும் பிளாஸ்டிக்" என்பது ஒன்று. "கண்ணாடிதான், ஆனா ரப்பர் மாதிரி மெத்துனு ஆக்கிட்டாங்க" என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. உள்ளே இருப்பது அலுமினோசிலிகேட் கண்ணாடி. அதன் யங் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 70 கிகாபாஸ்கல்; ஜன்னல் கண்ணாடிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். விறைப்பு அப்படியே இருக்கிறது, தடிமன்தான் போயிருக்கிறது.

கணக்கு எளிது. வளைவின் வெளிப்பக்கத் தகைவு (ஒரு பரப்பளவில் விழும் விசை) = யங் குணகம் × தடிமன் ÷ (2 × வளைவு ஆரம்). 1.5 மி.மீ. ஆரத்தில் மடித்தால் மெகாபாஸ்கலில் இப்படி வரும் (1,000 மைக்ரான் = 1 மி.மீ.):

30 மைக்ரான்: 700
50 மைக்ரான்: சுமார் 1,170
100 மைக்ரான்: சுமார் 2,330
மடங்காத போனின் 0.5 மி.மீ. மேல்கண்ணாடி: 11,000-க்கு மேல்

2012-ல் கார்னிங் நிறுவனம் அறிவித்த வில்லோ கண்ணாடி 100 மைக்ரான். சுருளாகச் சுற்றலாம், ஆனால் பாக்கெட்டில் வைக்கும் அளவுக்கு மடிக்க முடியாது. ஏன் என்பது மேலே உள்ள மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. 2019-ல் வந்த சாம்சங்கின் முதல் கேலக்ஸி ஃபோல்டில் கண்ணாடிக்குப் பதில் நிறமற்ற பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக். 2020 பிப்ரவரியில் வந்த இசட் ஃப்ளிப்பில்தான் 30 மைக்ரான் கண்ணாடி வந்தது.

சோதனை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே மடக்கும்போது இடைவெளியில் பாதியை ஆரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி அரைவட்டமாக வளையாது, முனை கூர்மையாகும். சரியான சூத்திரம்: 1.198 × யங் குணகம் × தடிமன் ÷ (தட்டு இடைவெளி − தடிமன்). 3 மி.மீ. இடைவெளிக்கு 30 மைக்ரானில் 847 மெகாபாஸ்கல் வருகிறது. 700 என்று எழுதிக்கொண்டால் 17 சதவீதம் குறைவாக எழுதியிருக்கிறீர்கள்.

எந்த இடத்தில் உடைகிறது, ஏன் என்பதை மட்டும் இங்கே பேசுவோம். பிராண்டு சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

#2 · சந்தேகராஜா

கணக்கு சரி. ஆனா கட்டடத்துக்குப் போடுற சாதா எஃகே 250 மெகாபாஸ்கல் பக்கத்துல நெளிய ஆரம்பிச்சுடும். ஜன்னல் கண்ணாடி அதுல பாதிகூட தாங்காம உடையுது. இது மட்டும் எப்படி 700 தாங்கும்? தடிமன் குறைஞ்சா தகைவு குறையும், ஒத்துக்கறேன். வலு எப்படி ஏறும்?

#3 · உப்புத்தொட்டி

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். மெல்லியதாக்கினால் வலு தானாக ஏறாது. கண்ணாடியின் வலுவைத் தீர்மானிப்பது அதன் மேலுள்ள கீறல்கள். கண்ணாடியின் முறிவுத் தடைக்கெழு (விரிசல் பரவாமல் தடுக்கும் திறன்) சுமார் 0.75 மெகாபாஸ்கல்·√மீட்டர். இதை வைத்து 700 மெகாபாஸ்கலுக்குக் கணக்குப் போட்டால், மேற்பரப்பில் 0.3 மைக்ரான் ஆழக் கீறல் இருந்தாலே போதும், உடைந்துவிடும். அது ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. சாதாரண நுண்ணோக்கியில் தேடிப் பிடிக்க முடியாது. ஆக, உருக்கி இழுத்தெடுத்த கண்ணாடித் தாளை அப்படியே மடித்தால் ஒன்று தாங்கும், அடுத்தது போகும்.

அதனால்தான் உப்புத் தொட்டி. உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் முக்கினால் கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சோடியம் அயனி வெளியேறி, அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பொட்டாசியம் அயனி (ஆரம் 1.02-க்குப் பதில் 1.38 ஆங்ஸ்ட்ராம்) உட்கார்ந்துகொள்ளும். சின்ன நாற்காலியில் பெரிய ஆள் மாதிரி. மேற்பரப்பு முழுக்க அமுக்கத் தகைவில் நிற்கும். 700 மெகாபாஸ்கல் அமுக்கம் ஏற்றிவைத்தால், மடிக்கும்போது வரும் 700 இழுவிசை அதைத் தின்று தீர்ப்பதோடு சரி. மேற்பரப்பில் மிச்சம் பூஜ்யம். அப்போது 0.3 மைக்ரான் கீறல் வாயைத் திறக்காது.

"அப்படியானால் ஆழமாக ஏற்று, இன்னும் வலுவாகட்டும்" என்று தோன்றும். அங்கேதான் மெல்லிய கண்ணாடி காலை வாரும். மேலே அமுக்கம் ஏற்றினால் நடுவில் இழுவிசை வந்தே தீரும். நடு இழுவிசை = மேற்பரப்பு அமுக்கம் × அடுக்கு ஆழம் ÷ (தடிமன் − 2 × ஆழம்). 30 மைக்ரான் தாளில் 6 மைக்ரான் ஆழம் என்றால் 233 மெகாபாஸ்கல். அதையே 10 மைக்ரான் ஆக்கினால் 700! மடங்காத போன் கண்ணாடியில் 40 மைக்ரான் ஆழம் சர்வசாதாரணம். இங்கே மொத்தத் தடிமனே அதைவிடக் குறைவு.

#4 · ஓரம்பார்

உப்புத்தொட்டி சொன்னது மேற்பரப்புக்குச் சரி. "மிச்சம் பூஜ்யம்" என்று நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். கொஞ்சம் உள்ளே இறங்கிப் பாருங்கள்.

அதே எடுத்துக்காட்டு: 30 மைக்ரான், 700 அமுக்கம், 6 மைக்ரான் ஆழம், 1.5 மி.மீ. மடிப்பு. மடிப்புத் தகைவு மேற்பரப்பில் 700, நடுக்கோட்டில் (15 மைக்ரானில்) பூஜ்யம், நேர்கோடாகக் குறையும். 6 மைக்ரான் ஆழத்தில் அது 700 × 9 ÷ 15 = 420. அந்த இடத்தில் உப்புக் குளியல் தந்த அமுக்கம் தீர்ந்துபோய், 233 இழுவிசை உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 653 மெகாபாஸ்கல் இழுவிசை.

ஆக, மடித்த நிலையில் மோசமான இடம் தோலில் இல்லை, தோலுக்கு 6 மைக்ரான் கீழே இருக்கிறது. அங்கே கண்ணாடி சுத்தமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. உருக்கிய கண்ணாடியின் உட்புறம் பெரும்பாலும் சுத்தம்தான். குமிழியோ உலோகத் துணுக்கோ அந்த ஆழத்தில் மாட்டினால் அந்தத் தாள் குப்பைக்கு.

மடிப்புக்கோடு தாளின் ஓரத்தைத் தொடும் இரண்டு இடங்களில் கதை வேறு. அங்கே அந்த 6 மைக்ரான் ஆழம் வெட்டுமுகமாக வெளியே தெரிகிறது. வெட்டுமுகத்தில் ஒரு சில்லு இருந்தால் அது நேராக அந்த 653-ல் உட்கார்ந்திருக்கும். ஆகவே விதி ஒன்றுதான்: முதலில் வெட்டு, ஓரத்தைச் சரிசெய், அப்புறம் உப்பில் முக்கு. அப்போதுதான் ஓர முகத்திலும் பொட்டாசியம் ஏறும். உப்பில் முக்கிய பெரிய தாளைப் பின்னால் வெட்டி எடுப்பவர்கள் உற்பத்திச் செலவை மிச்சம் பிடிக்கலாம். இழுவிசைப் பகுதியை அம்மணமாக விட்டுவிடுகிறார்கள்.

#5 · சந்தேகராஜா

653 கணக்கைப் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் வருது. தலை சுத்துது, ஆனா சரி.

அடுத்த கேள்வி. 30 மைக்ரான் தாளை எப்படி வெட்டுவீங்க? வீல் கட்டர் வச்சா தூளாயிடும். போன் ஸ்க்ரீன் அளவுத் தாளே ஒண்ணரை கிராம்தான் வருது (16 செ.மீ. × 13 செ.மீ., அடர்த்தி 2.45). மூச்சு விட்டா பறக்கும்.

#6 · ஓரம்பார்

இரண்டு வழி நடைமுறையில் இருக்கிறது.

முதல் வழி, அடுக்கி வெட்டுவது. பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுநடுவே புற ஊதா ஒளியில் இறுகும் பிசின் விட்டு ஒரே கட்டியாக்குவது. மேலும் கீழும், பாதுகாப்புக்காக வைத்துப் பின்னால் எறிந்துவிடும் தடித்த கண்ணாடி. கட்டியானதும் அது சாதாரண கண்ணாடித் துண்டு மாதிரி. வைரச் சக்கரத்தில் வெட்டலாம், ஓரத்தை அரைக்கலாம். பிறகு கட்டியோடு நீர்த்த ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் ஓரங்களை மட்டும் சில மைக்ரான் கரைப்பார்கள். அரைத்ததில் வந்த விரிசல் நுனிகள் அங்கே மழுங்கும். கடைசியில் சுடுநீரிலோ கரைப்பானிலோ பிசினை ஊறவைத்துத் தாள் தாளாகப் பிரிப்பது.

கெடுவது இங்கே மூன்று இடத்தில். ஒன்று, பிசினில் தூசி: அடுக்கின் நடுவில் ஒரு துகள் இருந்தால் மேலும் கீழும் இரண்டு தாளிலும் பள்ளம். இரண்டு, பிசின் இறுகும்போது சுருங்கித் தாளை இழுப்பது. மூன்று, பிரிக்கும் நேரம். பாதி ஊறிய பிசினை அவசரப்பட்டு உரித்தால் ஓரம் கிழியும். உரிக்கக் கூடாது, பக்கவாட்டில் நழுவவிட வேண்டும். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு தாளைத் தூக்கிப் பிரிக்கவே முடியாது, நழுவினால் வந்துவிடும்.

இரண்டாவது வழி லேசர். பிகோசெகண்ட் துடிப்பு லேசரைக் கண்ணாடியின் முழுத் தடிமனுக்கும் ஊசிபோல் நீளும் ஒளிக்கற்றையாக்கி, சில மைக்ரான் இடைவெளியில் துளைவரிசை போடுவது. தபால்தலை ஓரம் மாதிரி. பிறகு அமிலத்தில் கொஞ்சம் கரைத்தால் துளைகள் ஒன்றுசேர்ந்து துண்டு விடுபடும், ஓரமும் வழுவழுப்பாகும். கரைக்காமல் அப்படியே விட்ட லேசர் ஓரம் கண்ணுக்கு அழகாக இருக்கும், மடித்தால் போய்விடும். ஓரத்தைக் கண்ணால் பார்த்து எடைபோட வேண்டாம். இரண்டு தட்டு மடிப்புச் சோதனையில் குறைந்தது 30 துண்டு உடைத்து, வெய்புல் பரவல் (எந்தத் தகைவில் எத்தனை துண்டு உடைகிறது என்ற புள்ளியியல் வரைபடம்) போட்டுப் பாருங்கள். சராசரி முக்கியமில்லை. கீழ்வால்தான், அதாவது மிகக் குறைந்த தகைவிலேயே உடைந்த துண்டுகள்தான் முக்கியம், வாடிக்கையாளர் கையில் உடைவது அதுதான்.

#7 · உப்புத்தொட்டி

ஓரம்பார் சொன்ன வரிசையை ஏற்கிறேன், 653-ஐயும் ஏற்கிறேன். தொட்டிப் பக்கம் கொஞ்சம் விவரம்.

பொட்டாசியம் பரவும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும். ஒரு கண்ணாடியில் 40 மைக்ரான் ஆழத்துக்கு 4 மணி நேரம் ஆகிறது என்றால், அதே வெப்பத்தில் 6 மைக்ரானுக்கு 240 × (6÷40)² = 5.4 நிமிடம்தான். கேட்க வசதியாக இருக்கும், ஆனால் தொல்லை. கூடையின் அடிப்பகுதி முதலில் முங்கி கடைசியில் வெளியேறுகிறது. மேலுக்கும் கீழுக்கும் 20 நொடி வித்தியாசம் வந்தால் நேரத்தில் 6 சதவீதம், ஆழத்தில் 3 சதவீதம் ஏற்றத்தாழ்வு. வெப்பத்தைக் குறைத்து நேரத்தை 15, 20 நிமிடத்துக்கு நீட்டுவதுதான் புத்திசாலித்தனம். குறைந்த வெப்பத்தில் தகைவுத் தளர்வும் குறைவு. மேற்பரப்பு அமுக்கமும் நன்றாக நிற்கும்.

தாளை 300 டிகிரிக்கு மேல் முன்சூடு காட்டித்தான் இறக்க வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் 334 டிகிரி செல்சியஸில் உருகும். தாள் குளிர்ந்திருந்தால் உப்பு அதன்மேல் திட்டுத்திட்டாக உறைந்து, அந்தத் திட்டுக்குக் கீழே பரிமாற்றம் தாமதமாகும்.

வெளியே எடுத்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். தாளில் வழியும் உப்புப்படலம் இன்னும் பரிமாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் அதிகம் தேங்கினால் அந்தப் பக்கம் அதிகம் விரியும், தாள் சிப்ஸ் மாதிரி சுருளும். 0.5 மி.மீ. கண்ணாடியில் இது கண்ணுக்குத் தெரியாது. 30 மைக்ரானில் ஒட்டும் இயந்திரமே தாளைப் பிடிக்க மறுக்கும். கூடையை நேர்செங்குத்தாக வைத்து, தொட்டிக்கு மேலே சூட்டிலேயே வடியவிட்டு, பிறகு மெதுவாக ஆறவைத்து, வெதுவெதுப்பான அயனிநீக்கிய நீரில் கழுவுங்கள்.

தொட்டியில் சோடியம் சேரச் சேர மேற்பரப்பு அமுக்கம் இறங்கும். பத்துத் தொகுதிக்கு ஒருமுறை பார்ப்போம் என்று விட்டால் பதினோராவது தொகுதி மாட்டும். இன்னொன்று: அமுக்க மானி ஒளிவரிகளை எண்ணித்தான் ஆழம் சொல்லும். 6 மைக்ரான் அடுக்கில் விழும் வரிகளே மிகச் சில, அதனால் மானியின் ஆழ எண்ணைத் தெய்வவாக்காக எடுக்க வேண்டாம். ஒவ்வொரு தொகுதியிலும் நாலு துண்டை மடித்து உடைத்துப் பாருங்கள்.

உப்புக்குப் பிறகு இலேசாக அமிலத்தில் முக்கி, பக்கத்துக்கு 1 மைக்ரான் அளவு கரைப்பதும் உண்டு. கையாளும்போது விழுந்த கீறல் மழுங்கும், அமுக்கம் கொஞ்சம் குறையும். நல்ல பேரம். இரண்டு பக்கமும் சமமாகக் கரையாவிட்டால் மறுபடி சிப்ஸ்.

#8 · புதுக்கை

தடித்த கண்ணாடியை அமிலத்தில் கரைத்தே மெல்லியதாக்கலாம் என்று படித்தேன். கடையில் கிடைக்கும் துரு நீக்கும் திரவத்தில் அந்த அமிலம் இருக்கிறதாமே. பரிசோதனைக்காகச் சின்னதாகச் செய்து பார்க்க முடியுமா?

#9 · உப்புத்தொட்டி

வேண்டாம். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் மற்ற அமிலம் மாதிரி உடனே சுடாது. நீர்த்த கரைசல் தோலில் பட்டால் பல மணி நேரம் கழித்துத்தான் வலியே தெரியும். அதற்குள் ஃப்ளோரைடு உள்ளே இறங்கி இரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயத் துடிப்பே தவறும். தொழிற்கூடத்தில் 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பாட்டிலையே திறக்க மாட்டார்கள். களிம்பு போட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

உருகிய நைட்ரேட்டும் அப்படியே. எண்ணெய், காகிதம், பிசின் எது விழுந்தாலும் பற்றும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் நீராவி வெடித்து உப்பை முகத்தில் அடிக்கும்.

கேள்வியின் மற்ற பாதிக்குப் பதில்: ஆம், தடித்த தாளைக் கரைத்து மெல்லியதாக்கும் முறை இருக்கிறது. உருகிய கண்ணாடியை ஒரு பிளவு வழியே கீழ்நோக்கி இழுத்து நேரடியாகவே 30 மைக்ரானுக்குக் கொண்டுவரும் முறையும் இருக்கிறது. ஷாட் நிறுவனம் அப்படித்தான் இழுக்கிறது. கரைப்பதில் உள்ள தொல்லை, மூலத்தாளில் இருந்த கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஒவ்வொன்றும் அகன்று குழியாவது. வலு குறையாது, ஏனென்றால் நுனி மழுங்கிவிடுகிறது, பார்வைக்குத்தான் அம்மைத்தழும்பு.

#10 · பசைப்படலம்

இதுவரை எல்லாரும் கண்ணாடியைத் தனியாக வைத்துப் பேசுகிறீர்கள். போனில் அது தனியாக இல்லை. மேலிருந்து கீழே: கடினப்பூச்சு போட்ட பாதுகாப்புப் படலம், ஒளிபுகும் பசை, கண்ணாடி, மறுபடி பசை, ஓலெட் திரை, அதன் பாலிஇமைடு அடித்தளம், மீண்டும் பசை, வலைப்பின்னலாகத் துளையிட்ட உலோகத் தகடு.

இதையெல்லாம் விறைப்பாக ஒட்டினால் ஒரே தடித்த பலகை மாதிரி வளையும். நடுக்கோடு எங்கோ போய், கண்ணாடிக்குக் கணக்கில் இல்லாத இழுவிசை விழும். அதனால்தான் பசை அல்வா மாதிரி மெதுவாக இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் நழுவு குணகம் (பக்கவாட்டு நழுவலுக்கு எதிரான விறைப்பு) சில பத்து கிலோபாஸ்கல். அப்போது ஒவ்வொரு அடுக்கும் புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று நழுவி, தனித்தனி நடுக்கோட்டில் வளையும். #1-ல் உள்ள கணக்கு செல்லுபடியாவதே இந்த நழுவல் இருப்பதால்தான்.

குளிரில் பசை இறுகும். உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் சில பசைகளின் விறைப்பு பல மடங்கு ஏறிவிடும், நழுவல் நின்றுவிடும். குளிரில் கிடந்த போனை வெடுக்கென்று திறந்தால் மடிப்புக்கோட்டில் ஒரே நேர்க்கோடாக விரிசல் விழுவது இதனால்தான். பசைக்கு வேகமும் குளிரும் ஒன்றுதான், இரண்டிலும் விறைக்கும். குளிரிலிருந்து வந்தால் சில நிமிடம் சூடேறவிட்டு, மெதுவாகத் திறக்கவும்.

மாட்டிக்கொள்ளும் இடம் இது: மடிப்புக்கு மெத்தென்ற பசை வேண்டும், குத்தலுக்கு விறைப்பான பசை வேண்டும். பேனா முனை மேலே விழும்போது கண்ணாடி அந்த இடத்தில் குழியாக அமுங்கும். குழியின் அடிப்பக்கம் இழுவிசைக்குப் போகும். அடியில் அல்வா இருந்தால் குழி ஆழமாகும். மேலே தொட்ட இடத்தில் கீறலே இல்லாமல், அடிப்பக்கத்திலிருந்து நட்சத்திரமாக விரிசல் கிளம்புவது இப்படித்தான்.

தடிமனை ஏற்றினால்? 30-ஐ 50 ஆக்கினால் வளைவு விறைப்பு (5÷3)³, அதாவது சுமார் 4.6 மடங்கு. மடிப்புத் தகைவு 1.67 மடங்கு மட்டும். குத்தலைப் பார்த்தால் ஆசையான பேரம். ஆனால் அந்த 1.67-ஐ ஈடுகட்ட மடிப்பு ஆரம் 1.5-லிருந்து 2.5 மி.மீ. ஆக வேண்டும். மூடும்போது உள்ளே நீர்த்துளி வடிவத்தில் திரையைத் தொங்கவிடும் கீல்கள் வந்ததே இந்த ஆரத்தைப் பெரிதாக்கத்தான். கண்ணாடியைத் தடிப்பாக்கியவர் கண்ணாடிக்காரர் இல்லை, கீல் செய்தவர்!

#11 · சந்தேகராஜா

அப்போ 2,00,000 மடிப்புச் சோதனைன்னு விளம்பரம் பண்றாங்களே? நாளைக்கு 100 தடவைன்னா அஞ்சரை வருஷம். அது பாஸ் ஆனா கண்ணாடி களைச்சுப் போகாதுன்னுதானே அர்த்தம்?

#12 · மடிப்புமானி

இல்லை. உலோகம் மாதிரி மடித்து மடித்துக் கண்ணாடி களைப்பதில்லை. உலோகத்தில் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நிரந்தர நெளிவு சேரும்; கண்ணாடியில் அந்த வழியே கிடையாது. கண்ணாடியைத் தின்பது தண்ணீர். விரிசல் நுனியில் இழுவிசை இருக்கும்போது காற்றிலுள்ள ஈரம் அங்கே புகுந்து சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை ஒவ்வொன்றாக அறுக்கும். கணக்கில் வர வேண்டியது எத்தனை முறை மடித்தோம் என்பதல்ல. எத்தனை மணி நேரம் மடித்த நிலையில் கிடந்தது, அங்கே ஈரம் எவ்வளவு என்பது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் முழுதாக மூடி ஒரு நொடி இருக்கிறது என்று தாராளமாக வைத்தாலும், 2,00,000 நொடி என்பது 55 மணி நேரம். இரவு 10 மணி நேரம் மூடிக் கிடக்கும் போன் இதை ஒரு வாரத்துக்குள் தாண்டிவிடும். அந்த எண்ணிக்கைச் சோதனை கீலுக்கும் பசைக்கும் ஓலெட் திரையின் உலோகக் கம்பிகளுக்கும் நல்ல சோதனை. கண்ணாடிக்கு வேண்டியது மடித்தே வைத்திருக்கும் சோதனை: 60 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம், 240 மணி நேரம் என்ற மாதிரி.

தகைவு கொஞ்சம் குறைந்தாலும் ஆயுள் எவ்வளவு நீளும் என்பதற்கு: கண்ணாடியின் களைப்பு அடுக்கெண்ணை (தகைவு மாறும்போது ஆயுள் எவ்வளவு வேகமாக மாறும் என்பதன் அளவு) 18 என்று வைத்தால், தகைவு 10 சதவீதம் குறைந்தால் தாங்கும் நேரம் ஆறரை மடங்கு. #1-ல் 17 சதவீதப் பிழையைப் பற்றிப் புலம்பியது இதற்காகத்தான்.

இன்னொரு தப்பெண்ணம்: மடிப்புக்கோட்டில் தெரியும் பள்ளம் கண்ணாடி நெளிந்ததால் வருவது என்கிறார்கள். கண்ணாடி நெளியாது. ஒன்று திரும்ப நேராகும், இல்லாவிட்டால் உடையும். பள்ளம் பசையும் பிளாஸ்டிக் படலங்களும் ஊர்ந்ததால் வருவது. அப்படியே பிரித்தெடுத்தால் கண்ணாடி மட்டும் நேராக நிற்கும்.

#13 · திருப்புளி

ரிப்பேர் மேசையிலிருந்து. உடைஞ்ச ஸ்க்ரீனைப் பார்த்தே காரணம் சொல்லலாம், பூதக்கண்ணாடி 10 மடங்கு இருந்தா போதும். விளக்கைச் சாய்வா பிடிங்க.

ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரி கிளம்பினா குத்தல். மடிச்ச நேரத்துல நடுவுல மாட்டின மணல், இயர்போன் முனை, நகம். மடிப்புக்கோட்டு முனையில ஓரத்துல ஆரம்பிச்சு கோட்டோட ஓடினா ஓரச்சில்லு. பெரும்பாலும் போன் மூலையில விழுந்து சட்டம் நெளிஞ்சு அழுத்தியிருக்கும். சட்டத்துல பள்ளம் இருக்கான்னு பாருங்க. ஓரத்தைத் தொடாம கோட்டோட நேரா ஓடினா குளிர் இல்லாட்டி பசை விட்டுப்போனது.

கறுப்பு மை மாதிரி பரவுதுன்னா ஓலெட்டும் போச்சு. விரிசல் தெரியுது, படம் முழுசா இருக்குன்னா கண்ணாடி மட்டும். ஆனா "கண்ணாடி மட்டும் மாத்திக் குடுங்க"ன்னு கேட்டா நடக்காது. மடங்காத போன்ல கம்பி விட்டு அறுத்துப் பிரிக்கிற மாதிரி இதுல முடியாது. 30 மைக்ரான் கண்ணாடி துண்டு துண்டா வரும், அதுக்கு அடியில இருக்கற ஓலெட் அதைவிட நோஞ்சான். முழு உள்திரைதான் மாத்தணும்.

மேல இருக்கற பாதுகாப்புப் படலம் பத்தி: கீறல் விழறது அதுல, கண்ணாடியில இல்ல. நகத்தால அழுத்தினா தடம் விழும். "இது பிளாஸ்டிக்தான்"னு சொல்ற கட்சிக்கு ஆதாரமே அந்தப் படலம்தான். அதை உரிச்சுட்டா கண்ணாடி தெரியும், ஆனா குத்தலை வாங்கிக்க ஆளில்லாம போயிடும். உடைஞ்சா துகளைப் பிடிச்சுவைக்கவும் ஒண்ணும் இருக்காது. உரிக்காதீங்க.

மடிப்புக்கோட்டுல படலம் குமிழி விட ஆரம்பிச்சா தள்ளிப்போடாதீங்க. விரலால நீவி ஒட்டப் பார்க்காதீங்க; உள்ள போன ஒரே ஒரு மணல், மூடற ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் குத்தும். படலத்தை மட்டும் மாத்தறது சர்வீஸ்ல செய்யற வேலைதான். பழசை உரிக்கும்போது திரையைச் சமமா விரிச்சு, மிதமா சூடு காட்டி, ஓரத்திலிருந்து தட்டையா, திரைக்கு ஒட்டினாப்ல பின்னோக்கி இழுக்கணும். செங்குத்தா தூக்கினா படலத்தோட கண்ணாடியும் எழும்பும்.

#14 · சந்தேகராஜா

கடைசியா ஒண்ணு. "வளையும் கண்ணாடி, 9எச்"ன்னு தனியா விக்கற ஸ்க்ரீன் கார்டு நிஜக் கண்ணாடியா?

#15 · பசைப்படலம்

அந்தப் பெயரில் வருவதில் பெரும்பாலானவை பெட் (PET) அல்லது அக்ரிலிக் பிளாஸ்டிக் படலத்தில் கடினப்பூச்சு போட்டவை. ஓரத்தில் கத்தரிக்கோல் வைத்துப் பாருங்கள்: நேராக வெட்டுப்பட்டால் பிளாஸ்டிக், பொரிந்து சிதறினால் கண்ணாடி. கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

9எச் என்பது பென்சில் கடினம். குறிப்பிட்ட எடையில் பென்சிலைச் சாய்த்து இழுத்துப் பார்ப்பது. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மணலில் உள்ள குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7; எந்த 9எச் படலத்தையும் கீறும். அந்தச் சோதனையை எதன்மேல் வைத்துச் செய்தார்கள் என்பதும் முக்கியம். தடித்த கண்ணாடிமேல் வைத்தால் 9எச் வரும் படலம், மடக்கு போனின் மெத்தென்ற அடுக்குமேல் வைத்தால் பல படி இறங்கும், ஏனென்றால் அடியே அமுங்கிவிடுகிறது.

மடங்கும் உள்திரையில் இதை ஒட்டுவதே தப்பு. ஏற்கெனவே உள்ள படலத்துக்கு மேல் இன்னொரு அடுக்கு. மூடும்போது இரண்டு பாதிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அது தின்னும். வெளித்திரைக்கு ஒட்டிக்கொள்ளுங்கள், அது மடங்காத சாதாரணக் கண்ணாடி.

#16 · புதுக்கை

அமில யோசனையைக் கைவிட்டேன். மாதிரிக்கு 50 மைக்ரான் தாள் கொஞ்சம் கிடைக்கப்போகிறது. இடுக்கியால் எடுக்கலாமா?

#17 · ஓரம்பார்

இடுக்கி வேண்டவே வேண்டாம், பிடித்த இடமே முதல் சில்லு. ரப்பர் உறிஞ்சியும் வேண்டாம். உறிஞ்சும் வட்டத்துக்குள் தாள் குழிந்து உடையும். நுண்துளை உறிஞ்சுமேசை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தூசியற்ற காகிதத்தோடு சேர்த்து நகர்த்தி, மேசை விளிம்பைத் தாண்டி கொஞ்சம் நீட்டி, அடியிலிருந்து ஒரு தட்டையான பிளாஸ்டிக் தகட்டைச் செருகி ஏந்துங்கள். பக்கத்தில் அயனி ஊதி ஓடட்டும். நிலைமின்சாரம் ஏறிய தாள் மேசையோடு ஒட்டிக்கொண்டு தூசியையும் இழுத்துக்கொள்ளும். தாளுக்குத் தாள் நடுவே காகிதம் போட்டு, படுக்கைவாட்டில் அடுக்கிவையுங்கள். சுருட்டி வைக்காதீர்கள், வந்த பெட்டி சுருள் வடிவத்தில் இருந்தாலும் சரி; ஏன் என்று #12-ல் இருக்கிறது.